பிடி பாயும் பதிமூன்றாவது கொழுக்கட்டையும்

ஜன்னலையே பார்க்காமல் ஜன்னலுக்குக் கைப்பிடி தேர்ந்தெடுக்கிற மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவரும் எங்கள் மேற்குத் தாம்பரத்தில், எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கிறார். பெயர் ஏதோ இருக்கும், ரேஷன் கடைக்காரருக்குத் தெரியும். எங்களுக்கு அவர் பிடி பாய்.

நான் நாலாங்கிளாஸோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரமாகப் படிக்கிறவர்கள் அடுத்த பக்கத்தை முடித்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன். பிடி பாய் விஷயத்தை ஓட்டமாகச் சொன்னால் அவருக்கே கோபம் வரும்.

கடை என்றால் ஓர் ஆள் நிற்கலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் வெளியே வரவேண்டும். சுவர் முழுக்கக் கைப்பிடிகள்தான். பித்தளை, அலுமினியம், ஸ்டீல், வளைந்தது, நிமிர்ந்தது, குமிழ் வைத்தது. பழைய மர ஜன்னலில் கைப்பிடி உடைந்துவிட்டால் அவரை விட்டால் வேறு கதி கிடையாது. பழைய கைப்பிடிகளெல்லாம் ஓட்டைக்கு ஓட்டை நாலு இன்ச். இப்போது வருவது மில்லிமீட்டர் கணக்கு. கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஜன்னலில் வைத்தால் ஒரு திருகாணி ஏறும், இன்னொன்று ஓட்டையைத் தேடிக்கொண்டு நிற்கும்.

மற்ற கடையில் போய்க் கைப்பிடி கேட்டால் “எத்தனை இன்ச்?” என்பார்கள். பாய் கேட்பது ஒன்றே ஒன்று. “யார் கை?”

எதிர் வீட்டில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். விறைப்பான மனிதர். ஒரு நாள் போய், “நாலு இன்ச் கைப்பிடி ஒண்ணு குடுங்க பாய்” என்றார்.

“யார் கை சார்?”

“கையா? ஜன்னலுக்குங்க.”

“ஜன்னல் இன்னா, தன்னத்தானே இழுத்து மூடிக்கப் போவுதா? உங்க கையக் குடுங்க சார்.”

கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்கிற மாதிரி பாய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்ல விட்டுவிட்டார்.

“இது பேப்பர் புடிச்ச கை சார். ஜன்னலத் தொட்டதே இல்ல. வூட்ல யாரு தொடுறாங்களோ, அவங்க அளவு கொண்டாங்க.”

வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளைகளை ஆயுசு முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்திய மனிதர், அன்று அளவு கொண்டுவராமல் போனதற்காகக் கடைக்கு வெளியே நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆண்களுக்குக் கைகுலுக்கல் சரி. பெண்களுக்கு? பாய் ஐந்து வேளை தொழுகிறவர், அடுத்த வீட்டுப் பெண்பிள்ளை கையைத் தொடமாட்டார். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அரிசி மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஓர் உருண்டை எடுத்து, ஜன்னலைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஓர் அழுத்து அழுத்தி, டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும். கோதுமை மாவு செல்லாது. “அது ரப்பர் மாரி திரும்ப உப்பிக்கும்க்கா. அரிசிதான் சொன்ன பேச்சு கேக்கும்” என்பார். டப்பாவைத் திறந்து விரல் பதிந்த பள்ளங்களைப் பார்ப்பார், ஜோசியர் தோற்றார். “இந்த அம்மா சுண்டு விரல்ல பாரம் போடுது. கட்ட விரல் சும்மா ஊர்கோலம் போவுது. இதுக்கு வளைஞ்ச பித்தளதான்.” அவர் கொடுத்தது கையில் உட்காரும். அதில் குறை சொல்ல எனக்கே வாய் வராது.

குரோம்பேட்டையில் ஒரு வீடு. அங்கே மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே ஒரு சமையலறை ஜன்னல். இரண்டு டப்பா வந்தது. இரண்டு பிடியும் வடக்கும் தெற்குமாக இருந்ததாம். பாய் யோசிக்கவே இல்லை. ஒரே கதவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கைப்பிடி வைத்துவிட்டு வந்தார். மேலே இருப்பது மாமியாருடையது என்றதும் மாமியாருக்குப் பெருமை. கைக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பது தன்னுடையது என்று மருமகளுக்குத் திருப்தி. அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஜன்னலுக்காகச் சண்டையே இல்லை. மற்றதற்கெல்லாம் வழக்கம்போல உண்டு.

பொத்தேரியில் நாலு காலேஜ் பையன்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் போனார்.

“அங்கிள், ஏதாச்சும் ஒண்ணு போட்டு வுடுங்க. ஹவுஸ் ஓனர் ரொம்பப் பேசுறாரு” என்றான் ஒருவன்.

பாய் நாலு பேர் கையையும் வரிசையாகக் குலுக்கினார். “நாலும் போன் தேய்க்கிற கை. ஜன்னல் மூடப் போற கை இதுல ஒண்ணுகூடக் கெடயாது” என்றார். கைப்பிடியே வைக்கவில்லை. அந்த ஓட்டைகளில் இரண்டு கொக்கியைத் திருகிவிட்டு, “இந்தாங்கப்பா, பனியன் காயப் போடுங்க” என்று கிளம்பிவிட்டார். பையன்கள் அதை உண்மையாகவே கொண்டாடினார்களாம்.

இப்படிப்பட்டவரிடம் நானே மாட்டிக்கொள்கிற நாள் வந்தது.

பாய்க்கும் எங்களுக்கும் பழைய பழக்கம். நோன்பு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து தூக்கு நிறையக் கஞ்சி வரும். தூக்கை வெறுமனே திருப்பி அனுப்பினால் என் கௌரவம் என்ன ஆவது? மறுநாள் பிடி கொழுக்கட்டை போகும். அதிலெல்லாம் ஒரு குறையும் வைத்ததில்லை.

என் வீட்டில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. கம்பிக்கு வெளிப்பக்கமாகத் திறக்கிற தேக்குக் கதவு. திறக்க ஒரு தள்ளு போதும். மூடத்தான் கம்பிக்கு நடுவே கையை விட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்த ஜன்னலில் நின்றுதான் மீன்காரியை நிறுத்துவேன், கீரைக்காரியைத் திருப்பி அனுப்புவேன், தெருவை நடத்துவேன். போன மழையில் ஒரு நாள் மதியம் அதை என்னால் மூட முடியவில்லை. சாரல் உள்ளே வந்து, மகனின் லேப்டாப் பை நனைந்து, வீடே அமளி.

“மரம் உப்பிடுச்சு, இழுக்கவே வரல” என்றேன்.

மரம் உப்பவில்லை. உப்பியது என் விரல் முட்டி. வலது கையில் இரண்டு விரல் மடங்குவதையே நிறுத்திவிட்டன. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொன்னால் என்ன ஆகும்? இன்றைக்கு ஜன்னலைத் தொடாதே என்பார்கள். நாளைக்கு அரிவாள்மனை போகும், மறுநாள் அடுப்பு போகும். அப்புறம் நான் டிவிக்கு எதிரில் உட்கார்ந்து மாத்திரைக்கு நேரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் மருமகள் வித்யா கெட்டிக்காரி. “அத்தை, எல்லாத்தையும் எடுத்துட்டு ஸ்லைடிங் கிளாஸ் போட்டுடலாம். சண்டே அளவெடுக்க ஆள் வர்றாரு” என்றாள்.

“என் தேக்கை எடுத்துட்டுக் கண்ணாடியா? கைப்பிடிதான் ஆடுது. பாயை விட்டு மாத்தினா சரியாப் போகும்.”

“சரி, சண்டேக்குள்ள மாத்துங்க. ஸ்மூத்தா மூடினா வெச்சுக்கலாம். இல்லன்னா கிளாஸ்தான். டீல்?”

டீலாவது ஒன்றாவது. நேரே கடைக்குப் போனேன். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

“பாய், சாதாரணமா ஒரு கைப்பிடி குடு. நாலு இன்ச்.”

“யார் கை அக்கா?”

“யார் கையா? இத்தனை வருஷமா அந்த ஜன்னல்ல நிக்கிறது யாரு, கலெக்டரா?”

“உங்க கைன்னு தெரியுது. அளவு எங்க? ஹெட்மாஸ்டருக்கு ஒரு நாயம், அக்காவுக்கு ஒரு நாயமா? மாவு புடிச்சு வைங்க, ஞாயித்துக்கிழம காலைல நானே வந்து பாக்குறேன்.”

ஞாயிறு காலை மாவு பிசைந்தேன். வலது கையால் பிடித்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் இடது கையால் ஓர் அழுத்து அழுத்தினேன். நாலு விரலும் கும்மென்று பதிந்தது, பயில்வான் பிடித்த மாதிரி. அதைத் தட்டில் வைத்து, பக்கத்திலேயே மீதி மாவையும் வைத்துவிட்டு, பாயை ஏமாற்றப்போகிற சந்தோஷத்தில் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தால் வீடெல்லாம் ஏலக்காய் வாசனை. தட்டில் ஒரே ஒரு கொழுக்கட்டையைப் பார்த்த வித்யா, அத்தை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் போய்விட்டார்கள் போல என்று, மீதி மாவில் வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பன்னிரண்டு பிடித்து, என்னுடையதையும் சேர்த்து ஆவியில் வைத்து இறக்கிவிட்டாள். பதிமூன்றும் கூடத்து மேசைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அளவெடுக்க வந்த கண்ணாடி ஆள் ஏற்கனவே இரண்டைத் தின்றிருந்தார்.

அந்த நேரம் பார்த்து பாய் பையோடு உள்ளே வந்தார். “அளவு எங்க அக்கா?”

நான் மேசையைக் காட்டினேன். பாய் குனிந்து, மிச்சமிருந்த பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகைக்கடையில்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். ஒன்றை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் கண்ணாடி ஆள் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற கருவியால் ஜன்னலை அளந்துவிட்டு, கம்பிக்குள் கையை விட்டுக் கதவை இரண்டு விரலால் இழுத்தார். வெண்ணெய் மாதிரி வந்து மூடிக்கொண்டது.

“இது நல்லா ஃப்ரீயாத்தானே வருது மேடம்?” என்றார்.

வித்யா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “அப்புறம் ஏன் அத்தை அன்னிக்கு மூட வரல?”

கையை முந்தானைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டேன். பொய் சொல்ல வாயெடுத்தால் அன்றைக்குப் பார்த்து ஒரு பொய்யும் வரவில்லை.

“வெயில் அடிக்குது, ஃப்ரீயாத்தான் வரும்” என்றார் பாய், வாயில் கொழுக்கட்டையோடு. “மழைல கைப்பிடி வழுக்கும். இத்தப் பாருமா, இன்னா கைப்பிடி இது? கொயந்த சொப்பு வெச்சு விளையாடுற மாரி. இதுல முழு விரல் எங்க போவும்? மூடுறவங்க மேல தப்பு இல்ல. இத்த வெச்சவன் மேலதான் தப்பு.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். ஆறு இன்ச் நீளப் பித்தளை, வில் மாதிரி வளைந்தது. அந்தக் கடைச் சுவரில் அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பழைய ஓட்டைகளில் தீக்குச்சியும் பசையும் வைத்து அடைத்தார். கதவு மூடும்போது கம்பியில் இடிக்காமல் இரண்டு கம்பிக்கு நடுவே வருகிற இடமாகப் பார்த்துப் புது ஓட்டை போட்டுத் திருகினார். கதவை விரியத் தள்ளிவிட்டு, “மூடுங்க அக்கா” என்றார்.

கையை விட்டேன். விரலை மடக்க வேண்டிய வேலையே இல்லை. உள்ளங்கை முழுக்க வளைவுக்குள் போய், மணிக்கட்டு கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது. இழுத்தேன். டப்பென்று மூடியது. தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

“ஓகே, நீங்க ஜெயிச்சுட்டீங்க அத்தை” என்று வித்யா சிரித்தாள். கண்ணாடி ஆள் மூன்றாவது கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு, “ஸ்வீட் சூப்பர் மேடம்” என்று சொல்லிவிட்டு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்.

பாயை வழியனுப்ப வாசல் வரை போனேன். “அளவே இல்லாம எப்படிப் பாய் முன்னாடியே எடுத்துட்டு வந்தே?”

பாய் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “வருசா வருசம் தூக்குல கொழுக்கட்ட வருதே அக்கா. எப்பவும் நாலு வெரல் இருக்கும். போன நோன்புக்கு வந்ததுல ரெண்டுதான் அழுந்தியிருந்துச்சு. அன்னிக்கே இந்தக் கைப்பிடியத் தேடி எடுத்து வெச்சுட்டேன்.”

அதற்காக விடுவேனா? “அப்புறம் எதுக்கு மாவு பிடி மாவு பிடின்னு என் உயிரை வாங்கினே?”

“நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்தேன். நீங்க இன்னாடான்னா எடது கைல புடிச்சு வெச்சுக்கீறீங்க. கட்ட வெரல் அந்தாண்ட கீது. மருமவ பாத்தா மாட்டிக்கினு இருப்பீங்க. அதான் முழுங்கிட்டேன். அதுல மட்டும் வெல்லமே இல்ல அக்கா.”

இந்த வருஷமும் நோன்புக் கஞ்சி வந்தது. தூக்கைக் கழுவி வைத்தேன். “நான் பிடிக்கட்டுமா அத்தை?” என்றாள் வித்யா. வேண்டாம் என்று நானே உட்கார்ந்து வலது கையால் பிடித்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல்தான் பதிந்தது. பதியட்டும், பார்க்கப்போவது பாய்தானே.