அத்தான் எடுத்த ஜாமீன்

கண்டக்டர் அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் வீட்டுப் பத்திரம் கிடைத்தாக வேண்டும். அலமாரியில் இல்லை, பரண் மேல் இல்லை, பெட்டிக்குள்ளும் இல்லை. கடைசியில் அரிசிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பை தட்டுப்பட்டது. இதைப் போய் இங்கே ஒளித்து வைத்திருக்கிறாளே, எவ்வளவு பொறுப்பான பெண் என்று அவருக்கு மனசு இளகிப்போனது. இளகிய மனசோடு பத்திரத்தை எடுத்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

திருடினார் என்று சொல்லக் கூடாது. வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. "முன்னால போங்க, முன்னால போங்க" என்று ஊரையெல்லாம் முன்னால் அனுப்பிவிட்டு, தான் மட்டும் படிக்கட்டுப் பக்கமே நின்று பாதி ஆயுளைக் கழித்துக் கட்டிய வீடு. பேங்க் கடன் அடைந்து பத்திரம் வீடு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய மைத்துனனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மனைவிக்கு ஒரே தம்பி. எந்த வேலையிலும் ஒட்டாதவன், அத்தான் அத்தான் என்று காலைச் சுற்றியே கைச்செலவுக்கு வாங்கிப் போகிறவன். கண்டக்டருக்கு அவன் மேல் தனிப் பிரியம். அவன் உள்ளே போன நாளிலிருந்து மனைவி சரியாகப் பேசுவதில்லை. என்ன கேட்டாலும் "ம்"தான். மாமியாரோ ஃபோனில் ஒரே அழுகை. பிள்ளை வெளியே வருகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று சொல்லிவிட்டு, நடுநடுவே எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

கண்டக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். யாரிடமும் மூச்சுவிடாமல் அவனை வெளியே எடுத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசையே இல்லை.

வக்கீலிடம் போனார். வக்கீல் ஃபைலைப் புரட்டி, என்ன கேஸ், யார் புகார் என்று ஆரம்பித்தார். கண்டக்டர் கையமர்த்தினார்.

"அதெல்லாம் வேண்டாம் சார். கேட்டா மனசுதான் கஷ்டப்படும். வெளிய எடுக்க வழியைச் சொல்லுங்க."

இப்படி ஒரு கட்சிக்காரர் கிடைக்க வக்கீல் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சந்தோஷமாக ஃபைலை மூடினார். அவன் ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வருவான் என்று இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும், அவன் கம்பி நீட்டினால் பொறுப்பேற்றவர்கள் தலையில் விடியும் என்று விளக்கினார்.

"அவன் ஓடுற ஆளே இல்ல சார். நடக்கவே சோம்பேறித்தனப்படுவான்."

முதலில் சம்பளச் சான்றிதழ் போதும் என்றார்கள். டிப்போ மேனேஜர் எதற்கு என்று கேட்டார். கண்டக்டருக்குப் பொய் வராது. மறுநாளே அவரை எலும்பு கழன்றுபோகிற ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மைத்துனன் ஜெயிலில் இருக்கிறவனை நம்பி நல்ல கலெக்‌ஷன் உள்ள பஸ்ஸைக் கொடுப்பார்களா? அவ்வளவு பாடுபட்டு வாங்கிய சான்றிதழை மாஜிஸ்திரேட் பார்த்தார். பிடித்தமெல்லாம் போக இதில் பறிமுதல் செய்ய என்ன இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சொத்து வேண்டுமாம். அப்படித்தான் கண்டக்டர் அரிசி டிரம்முக்கு வந்து சேர்ந்தார்.

பத்திரம் மட்டும் போதாது, வீட்டின் மதிப்புக்குச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து அதிகாரியைக் கூட்டிவந்தார். அவர் டேப்பைப் பிடித்து அளந்து, பின்னால் கட்டியிருந்த குளியலறை பிளானிலேயே இல்லை என்று கண்டுபிடித்தார். சான்றிதழும் கொடுத்தார், குளியலறையை இடிக்கச் சொல்லி நோட்டீசும் கொடுத்தார்.

அடுத்தது, இரண்டாவது ஆள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்துவிட்டது. கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கிறவர்கள் இருப்பதாக வக்கீலின் குமாஸ்தா காதைக் கடித்தார். மீசைக்கு மை போட்ட ஒருவர் கிடைத்தார். மைத்துனனுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா என்று அவரை நிறுத்தினார்கள்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் ஒரு அடிதடிக் கேசுக்குத் தாய்மாமனா வந்தீங்க. இன்னைக்குச் சித்தப்பாவா? குடும்பம் பெருசுதான்."

சித்தப்பா பக்கவாட்டுக் கதவு வழியாகக் காணாமல் போனார். கோபம் முழுக்கக் கண்டக்டர் தலையில் இறங்கியது. இனி இரண்டாவது ஆள் வேண்டாம், அதற்குப் பதிலாக முழு வீட்டையும் ஈடாக எழுதிக்கொடு, கேஸ் முடிகிற வரை அசல் பத்திரம் கோர்ட்டிலேயே இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

"யோசிச்சுத்தான் செய்றீங்களா? அவன் வரலைன்னா வீடு போயிடும்" என்று மாஜிஸ்திரேட்டே எச்சரித்தார்.

கண்டக்டர் யோசித்தார். மனைவியின் "ம்"தான் ஞாபகத்துக்கு வந்தது. கையெழுத்தைப் போட்டார்.

ஜெயில் வாசலில் மைத்துனன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெய்வம் என்றான். கண்டக்டருக்கு வயிறு நிறைந்துவிட்டது. எதை வைத்து எடுத்தீர்கள் என்று கேட்டான். வீட்டுப் பத்திரத்தை என்றார். மைத்துனன் குனிந்து தொடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். பையன் அழுகிறான் என்று இவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அக்காவுக்குத் தெரியுமா அத்தான்?"

"தெரியாது. திடீர்னு போய் நிப்போம். ஆச்சரியப்படட்டும்."

"ஆமா, ரொம்பவே ஆச்சரியப்படுவா" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. நேராக அங்கேதான் போனார்கள். வாசலில் மைத்துனன் ஒரு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொன்னான். சில்லறை இல்லை என்றான். கண்டக்டரிடம் சில்லறைக்கா பஞ்சம்? கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

வெகுநேரம் உட்கார்ந்தார். எழுந்து வந்து டீக்கடையில் விசாரித்தார். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். பின்னாலிருந்த சந்தில் தேடினார், பஸ் ஸ்டாப்பில் தேடினார். ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தபோது, மேஜைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் ஆள் எங்கே என்று கேட்டார்.

"வந்துடுவான் சார். என் வீட்டுலதான் தங்கப்போறான். இனிமே என் கண்ணு முன்னாலயே வெச்சுக்கிறேன்."

போலீஸ்காரர் உத்தரவைப் பார்த்தார், முகவரியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் உட்காரச் சொன்னார்.

"உங்க வீட்டுல எப்படி சார் தங்குவான்? புகார் குடுத்தவங்க வீட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னுல்ல உத்தரவு. பத்திரத்தைத் திருடப் பாத்தான்னு அவனைப் பிடிச்சுக் குடுத்ததே உங்க சம்சாரம்தானே."