வறட்சி சாரின் வேர்க்கடலை

தாம்பரத்துக்குத் தெற்கே தண்ணீர் லாரியைப் பார்த்து முகம் சுளித்த ஒரே மனிதர் எங்கள் வறட்சி சார்தான்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் இரும்புலியூரில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அவர் பிஎச்.டி. மாணவர், நான் அதே லேபில் தற்காலிக உதவியாளன். வேர்க்கடலைக்குள் வேறொரு செடியின் மரபணுவைப் புகுத்தி, தண்ணீர் இல்லாமலும் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் அவர் ஆராய்ச்சி. தெருவே குடத்தோடு ஓடும்போது வாசலில் நின்று, "இவ்ளோ தண்ணி எதுக்குங்க? பழகிக்கணும்" என்பார்.

அவருக்குக் குளிக்க அரை பக்கெட். நான் முழு பக்கெட் எடுத்தால் கதவு தட்டப்படும். "நீ குளிச்சா போதும்பா, தரைக்கு எதுக்கு?" ஹவுஸ் ஓனர் அவரைத் தத்தெடுக்காத குறை.

செடிகளுக்கு வாடல் மார்க் போடுவார். நிமிர்ந்து நின்றால் பூஜ்யம், கருகினால் ஐந்து. மின்சார ரயிலில் ஆட்களுக்கும் போடுவார். ஒரு புது மாப்பிள்ளையைக் காட்டி, "இப்பதான் ஒண்ணு. ஆடி வரட்டும், மூணு ஆகிடும்" என்றார்.

கடைசிச் சோதனை வந்தது. மரபணு மாற்றிய செடி, மாற்றாத செடி, இரண்டுக்கும் இருபது நாள் தண்ணீர் கிடையாது. மாற்றாதது வாடினால்தான் மாற்றியதன் அருமை தெரியும். அவருடைய தீசிஸே அதை நம்பித்தான் இருந்தது. பதினேழாம் நாள் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குக் கிளம்பினார்.

"செடித் தொட்டியை எடை போட்டு, ஈரம் எவ்ளோ குறையுதுன்னு எழுது. ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

எடை போடத்தான் போனேன். மாற்றாத செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. மனசு கேட்கவில்லை. என் பாட்டில் தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டேன்.

அவர் திரும்பியபோது அவை ஜம்மென்று நின்றன. அவர்தான் வாடிப்போனார்.

"யாருப்பா ஊத்தினது?"

"பாவமா இருந்துச்சு சார்."

நான்கு மாத உழைப்பு போச்சு. அந்த நேரம் பார்த்து அவருடைய கைடு உள்ளே வந்தார். வறட்சி சார் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை காலி. நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"ஊருக்குப் போற அவசரத்துல நானே ஊத்திட்டேன் சார்" என்றார் அவர்.

கைடு அரை மணி நேரம் திட்டினார். வறட்சி சார் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

அன்று ரயிலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கர்ச்சீப்பை நீட்டி, "தண்ணிய வேஸ்ட் பண்ணாதப்பா. நாளைக்கு மறுபடி விதை ஊனணும், நீயும் வா" என்றார்.

இன்றும் அவரை நினைத்தால் கொஞ்சம் வேஸ்ட் ஆகத்தான் செய்கிறது.