களிமண்ணுக்கு நான் கொடுத்த முதல் தரம்

ஒன்றும் படிக்காதவனால் ஊருக்குப் பெரிய ஆபத்து இல்லை. எல்லாம் படித்து, அதை மறக்கவும் தொடங்கிவிட்டவனாலும் இல்லை. போன வாரம்தான் பரீட்சை எழுதிவிட்டு ஊர் திரும்பியவன் இருக்கிறானே, அவனைத்தான் கொஞ்ச நாள் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

ஆரணியில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பட்டுத்தறிதான். நான் மட்டும் விவசாயக் கல்லூரிக்குப் போனேன். (ஏர் பிடித்தவர் ஒருவரும் எங்கள் வம்சத்தில் கிடையாது. எனக்கு இடம் கிடைத்தது அங்கேதான்.) திரும்பி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மண்ணியல் நோட்டுகளும், கண்ட கொல்லையிலெல்லாம் குனிந்து ஒரு பிடி மண் அள்ளி முகரும் பழக்கமும் கூடவே வந்தன.

அப்போதுதான் நைனா, அதாவது என் அப்பா, வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீடு கட்ட முடிவு செய்திருந்தார். முன்பக்கம் குடித்தனம், பின்கட்டில் இரண்டு தறி. தறி என்றால் குழித்தறி. தரையில் குழி வெட்டி, நெய்கிறவர் அதற்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதிப்பார். தறியின் கால்களும் தரையிலேயே நடப்பட்டிருக்கும். ஆகவே தறியில் பாதி தரைதான். எங்கள் தெருவில் தவழும் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது.

போளூர் சாலையோரம் முனியம்மா அக்காவுக்கு ஒரு செம்மண் சரளை மேடு இருந்தது. கொள்ளுகூட மனசு வைத்தால்தான் அதில் முளைக்கும். அதைத்தான் விற்க இருந்தார். நைனா குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, சரி என்று வாயெடுத்த நேரத்தில் நான் குறுக்கே புகுந்தேன். இது மூன்றாந்தர மண், ஈரம் நிற்காது, சத்து கிடையாது, இதைப் போய் யாராவது வாங்குவார்களா என்றேன். மேட்டுக்குப் பின்னால், ஏரிக்குக் கீழே, கன்னங்கரேலென்று ஒரு துண்டு நிலம் தெரிந்தது. அதுவும் அக்காவுடையதுதான். இறங்கிப் போய் ஒரு பிடி எடுத்து, வாய்க்கால் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கயிறாகத் திரித்து, விரிசல் விடாமல் வளையமாக வளைத்துக் காட்டினேன். அசல் களிமண், முதல் தரம் என்றேன்.

முனியம்மா அக்கா அந்த வளையத்தை மரியாதையாகப் பார்த்தார்.

"எங்க வூட்டுப் பசங்களும் இதுலதான் தம்பி மாடு செஞ்சி வெளையாடுதுங்க. நெல்லு போடு, அள்ளிக் குடுக்கும். வூட்டுக்கு வாணாம். மழ பேஞ்சா இதுல காலு வெச்சி எடுத்தா, காலு வரும், செருப்பு வராது."

நான் கருணையோடு புன்னகைத்தேன். பிறகு மண்ணின் தர வரிசை பற்றி அரை மணி நேரம் பேசினேன். நைனாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அதனாலேயே நம்பிவிட்டார். மூன்று நாள் விடாமல் போய் நின்றதில், என் பேச்சுக்குப் பயந்தே அந்த அம்மாள் பள்ளத்தை எழுதிக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

கோடையில் வீடு எழும்பியது. தறிக்குழி வெட்டியபோது அதன் பக்கங்கள் கத்தியால் அல்வா வெட்டியதுபோல் நேராக நின்றன. கை நுழையும் அளவுக்குத் தரை வெடித்திருப்பதை நைனா காட்டினார். மண் மூச்சு விடுகிறது என்றேன்.

ஐப்பசியில் அது மூச்சை உள்ளே இழுத்தது.

ஒரு வார மழையில் தரை உப்பியது. சுவரில் மூலைக்கு மூலை கோடு விழுந்தது. நிலைகள் கோணிக் கதவுகள் இறுகின. தறிக்கால்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. நைனா காலையில் குழியில் ஊறிய தண்ணீரைச் சொம்பால் மொண்டு கொட்டிவிட்டு, இங்கே ஓர் ஆப்பு, அங்கே ஒரு கயிறு, மூலையில் ஒரு கல் என்று முட்டுக்கொடுத்துத் தறியில் உட்காருவார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் சேத்துப்பட்டிலிருந்து ஏகாம்பரம் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். அவர் மகள் சரோஜாவை நாங்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று. எனக்கு அந்தப் பெண்ணைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அவளும் தலையாட்டிவிட்டாள் என்று தகவல். பாக்கி இருந்தது ஏகாம்பரத்தின் வாக்கு மட்டும். அவரும் நெசவாளிதான். பெண் வாழப்போகும் வீட்டைக் கண்ணால் பார்க்காமல் வாக்குத் தரமாட்டேன் என்றிருந்தார்.

வாசலிலேயே அவருடைய இடது செருப்பை முதல் தர மண் வாங்கிக்கொண்டது. அவர் மற்றதையும் கழற்றி வைத்துவிட்டு நேரே தறி அறைக்குள் போனார். ஈரக்காற்று தறியில் ஏற்றிய பாவு நூலில் படக்கூடாது என்று, நல்ல நெசவாளி செய்வதுபோல், கதவை அழுத்திச் சாத்தினார். அவ்வளவுதான். அது பிறகு திறக்கவில்லை. நான் தோளால் இடித்தேன். சுவரிலிருந்து காரை உதிர்ந்ததே தவிர, கதவு அசையவில்லை. நைனா ஆசாரியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தம்பி, குழியில தண்ணி ஊறிகினு இருக்குதுங்களே."

"அது மண்ணோட ஈரம் தாங்கும் தன்மைங்க மாமா" என்றேன், கதவிடம்.

"செவுத்துல வெளிச்சம் தெரியுது."

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும் குணம் என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே உறைத்தது. இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் ஒரு முழுப் பக்கம் எழுதியவன் நான். 'நெற்பயிருக்கு மிக உகந்தது, கட்டடத்துக்கு உகந்ததன்று.' கீழே அடிக்கோடு வேறு. பயிருக்கான தரத்தைத் தூக்கித் தறிக்கும் வீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன்.

ஆசாரி வர ஒரு மணி நேரமாயிற்று. அதற்குள் நான் மனதில் சரோஜாவை வந்தவாசியில் ஒரு வங்கி குமாஸ்தாவுக்குக் கட்டிக்கொடுத்து, பந்தியிலும் உட்கார்ந்துவிட்டேன்.

ஆசாரி உளியை வைத்தபோதுதான் மறுபடி குரல் கேட்டது.

"சம்பந்தி, ஆசாரிய ஜல்தி படுத்த வாணாம். பொறுமையா கழட்டட்டும்."

நைனா என் முகத்தைப் பார்த்தார். 'சம்பந்தி' என்று தான் கேட்டது சரிதானா என்று உறுதிசெய்துகொள்ள அவருக்கு வேறு ஆள் இல்லை.

கதவைப் பெயர்த்து எடுத்தபோது ஏகாம்பரம் தறியருகே குந்தி, நெய்திருந்த சேலையின் கரையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். எழுந்து நைனாவிடம் சொன்னார்: "தறிக்காலு நாலும் நாலு தெசையப் பாக்குது. கரை மட்டும் கோடு போட்டாப்ல நேரா ஓடுது. இந்தக் கையி இருக்கிற வூட்டுக்கு எம் பொண்ணத் தாராளமா அனுப்புவேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஆனா, அடுத்த எடத்த மாப்ள பாக்கக் கூடாது."

அந்த நிபந்தனைக்கு நான்தான் முதலில் தலையாட்டினேன்.

முனியம்மா அக்கா பள்ளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு மேட்டைக் கொடுத்தார். பேசி முடிக்கும்வரை சிரிக்கவில்லை. ஏரிக்கரை ஏறிய பிறகுதான் அவர் தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன். வீட்டைப் பிரித்து மேட்டில் கட்டிக்கொண்டோம். மறு வருடம் எங்கள் வீடு இருந்த இடத்தில் நெல் இடுப்பளவுக்கு நின்றது. ஒரு மூட்டை அரிசியும் அனுப்பினார். வெந்தால் அப்படி ஒரு மணம். சரளை மேட்டு வீடு இன்றுவரை ஒரு கீறல் விடவில்லை. சரோஜாவும் நானும் அங்கேதான் சௌக்கியமாக இருக்கிறோம்.

எனக்கு மண் பரிசோதனை வேலையே கிடைத்தது. எந்த நிலம் எதற்கு உகந்தது என்று நான் எழுதிக் கொடுப்பதை ஜில்லாவே நம்புகிறது, என் குடும்பத்தைத் தவிர. அவர்கள் வேறு விதமாக நம்புகிறார்கள். போன மாதம் மச்சினன் படவேட்டுப் பக்கம் ஒரு தோப்பை விலைக்குப் பார்க்க எங்கள் இருவரையும் அழைத்துப் போனான். நான் நன்றாகச் சுற்றிப் பார்த்து, மண்ணைப் பிசைந்து, சுமார்தான், எனக்குத் திருப்தியில்லை என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"மாமாவுக்குப் புடிக்கலியாம்க்கா" என்றான் சரோஜாவிடம். "முடிச்சிடலாமா?"