மேக்ஸுக்கு அனுப்பிய எட்டு லட்சம்

மாமனார் வீட்டில் ஒரு புது மாப்பிள்ளை சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. "அது ஒண்ணுமில்ல மாமா, நான் பாத்துக்கறேன்." திருமணமான சில மாதங்களிலேயே நான் அதைச் சொன்னேன். வாய் நிறைய மல்லாட்டை, அதாவது வறுத்த வேர்க்கடலை, இருந்தது. அதை விழுங்கிவிட்டு, தெளிவாகவே சொன்னேன்.

அப்போது விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் எனக்கு வேலை. வேலை செய்யாத மவுஸைக் கழற்றி, வேலை செய்யாத இன்னொரு மவுஸை மாட்டுவது என் பொறுப்பு. ஆனால் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருந்த மாமனார் ஊரில் நான் 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை'. (நானும் மறுக்கவில்லை. மறுக்கிற வயசா அது?)

என் மனைவியின் தங்கை தமிழரசிக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விசா வேண்டுமென்றால், ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே அந்த நாட்டில் ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அவள் போய்ச் சேர்ந்ததும் அதையே மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குத் தருவார்கள். ஏரிக்குப் பக்கத்தில் இருந்த நிலத்தை விற்று, மாமனார் எட்டு லட்சத்துச் சொச்சம் தயார் செய்து வங்கியில் போட்டு வைத்திருந்தார். ஆனால் அந்த ஏற்பாடு அவருக்குப் பிடிபடவே இல்லை.

"நம்ம துட்டை வாங்கி வச்சிக்கினு, மாசாமாசம் நமக்கே குடுப்பானா? அப்ப நடுவுல அவன் இன்னாத்துக்கு மாப்ள?"

எனக்கும் தெரியாது. "அது அவங்க ப்ராசஸ் மாமா" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

தமிழரசி அப்போது சென்னையில் வேலையில் இருந்தாள், லீவு கிடைக்கவில்லை. அந்தக் கணக்கை நடத்தும் நிறுவனம் கொடுத்த இரண்டு பக்கங்களை எனக்கு மெயில் செய்தாள். முதல் பக்கம், வங்கியில் எப்படி எழுதித் தரவேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. இரண்டாவது பக்கத்தில் அவளுடைய சொந்த விவரங்கள். போனிலும் சொன்னாள்: "மாமா, ரெண்டாவது பக்கத்துல இருக்கறத அப்படியே எழுதிக் குடுத்துடுங்க." இதில் 'அப்படியே எழுதிக் குடுத்துடுங்க' என்ற பகுதி எனக்கு நன்றாக நினைவில் நின்றது.

எங்கள் லேபில் பேப்பருக்குக் கணக்குக் கேட்பார்கள். இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. எதற்கு வீண் என்று முதல் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்தேன். கல்லூரிக்கு ஒரு தாள் மிச்சம்.

"விழுப்புரம் பேங்க்ல நமக்கு ஆள் பழக்கம் மாமா" என்று மாமனாரை முதலில் விழுப்புரத்துக்கு வரவழைத்தேன். எனக்குப் பழக்கமான ஆள் வாசலில் நிற்கும் காவலாளி. அவர் சல்யூட் அடித்தார். அதற்கு மேல் அந்தக் கிளையில் எதுவும் நடக்கவில்லை. கணக்கு இருக்கிற கிளைக்கே போகச் சொல்லிவிட்டார்கள். காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறி வந்த மனிதரை, மறுபடியும் பஸ் ஏற்றித் திண்டிவனத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஜன்னல் சீட்டை எனக்கே கொடுத்தார்.

திண்டிவனம் கிளையில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வேலையைப் பார்த்தவர் ஒரு பெண் அதிகாரி. நான் எழுதிக் கொடுத்ததை வரி வரியாகப் படித்தவர், ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"பணம் அந்தக் கம்பெனிக்குப் போவுது, சரி. யாருக்காகன்னு போட வேண்டிய எடத்துல 'மேக்ஸ் முஸ்டர்மான்'னு எழுதியிருக்கீங்களே? பொண்ணு பேரு தமிழரசின்னு சொன்னீங்க?"

"அவங்க சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் வரும்."

லேபில் மாணவர்கள் எதைக் கேட்டாலும் நான் சொல்கிற பதில் இது. இதைத் தாண்டி இதுவரை எவனும் போனதில்லை.

"நல்லாத் தெரியுமா சார்?"

"ஹன்ட்ரட் பர்சென்ட்."

"மாப்ள காலேஜ்ல கம்ப்யூட்டரு" என்று மாமனார் அந்த அம்மாவிடம் கூடுதல் தகவல் தந்தார். கையெழுத்துப் போட்டார். பணம் போயிற்று. மதியம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு மட்டன் பிரியாணி வாங்கித் தந்தார். அவர் சாம்பார் சாதம் சாப்பிட்டார். (செவ்வாய்க்கிழமை என்றார். நான் இன்னொரு சுக்காவும் சொன்னேன்.)

நாட்கள் போயின. அங்கே தமிழரசியின் கணக்கில் பணம் ஏறவில்லை. ஞாயிறு, விடுமுறை, நேர வித்தியாசம் என்று தினம் ஒரு காரணம் சொன்னேன். விசா நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வங்கி ரசீதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"மாமா, மேக்ஸ் முஸ்டர்மான்ங்கற பேரு எப்படி வந்துச்சு?"

"அவர் அங்க மேனேஜரா இருக்கும்மா."

அவள் ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள். "முஸ்டர்னா ஜெர்மன்ல மாதிரின்னு அர்த்தம் மாமா. நம்ம ஊர்ல ஃபார்ம் எப்படி எழுதணும்னு காட்ட 'குப்புசாமி'ன்னு ஒரு பேரு போடுவாங்க இல்ல, அந்த மாதிரி. பேருக்குப் பக்கத்துல இருக்கற ரெஃபரன்ஸ் நம்பரும் சும்மா போட்ட நம்பர். அப்படி ஒரு ஆளே இல்ல."

அன்று சாயங்காலம் மனைவியோடு மாமனார் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மனைவி என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரில் உட்கார்ந்தாள்.

மாமியார்தான் முதலில் தேறினார். "அந்த மேக்ஸு நல்ல குடும்பத்துப் புள்ளையா இருந்தா திருப்பிக் குடுத்துருவான். வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு வர்றேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கினேன்."

"அத்தை, மேக்ஸுன்னு ஒரு ஆளே இல்லைங்க."

"ஐயய்யோ! எப்ப செத்தான்?"

மாமனாருக்கு வேறு சந்தேகம். "இல்லாத ஆளு பேரை நூறு நாள் வேலை மஸ்டர் ரோல்ல எழுதி துட்டு போடறது நம்ம பக்கத்துல கேள்விப்பட்டிருக்கேன். ஜெர்மனிலகூடவா மாப்ள?"

மறுநாள் மாமனார், தமிழரசி, நான் மூன்று பேரும் வங்கிக்குப் போனோம். தமிழரசி ராத்திரி பஸ்ஸில் வந்துவிட்டாள். பெண் அதிகாரி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நான் அன்னிக்கே கேட்டேனே சார். சிஸ்டத்துல அப்படித்தான் வரும்னீங்களே?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என் முகத்தை எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கிளையில் அதற்கு முன் யாரும் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

திருத்தம் கேட்டு ஒரு கடிதம் தர வேண்டும் என்றார். தமிழரசி எழுதினாள். (பேனாவை என்னிடம் யாரும் தரவில்லை.) 'மேக்ஸ் முஸ்டர்மான் என்பவர் எனக்கு உறவினரோ நண்பரோ அல்ல' என்ற வரிக்குக் கீழே மாமனார் கையெழுத்துப் போட்டார். அதிகாரி அன்றே திருத்தச் செய்தியை அனுப்பினார். பணம் அந்த நிறுவனத்திடம்தான் இருக்க வேண்டும். ஆனால் யாருடையது என்று அவர்கள் முடிவுசெய்ய எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். நேர்காணல் தவறினால் அடுத்த தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கல்லூரியே தொடங்கிவிடும்.

வெளியே வந்ததும் மாமனார் வங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நெலம் போனது போவட்டும் மாப்ள. பொண்ணு போவணும்" என்றார்.

'நான் பாத்துக்கறேன்' என்று சொல்லாமல் நான் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை.

தமிழரசி படிக்கட்டிலேயே உட்கார்ந்து, பாஸ்போர்ட்டையும் ரசீதையும் கடிதத்தையும் போனில் படம் பிடித்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பினாள். மறுநாளும் அனுப்பினாள். அதற்கு மறுநாள் போனிலேயே பிடித்தாள். நேர்காணலுக்கு முந்தின நாள் மத்தியானம் பதில் வந்தது. பணம் அவள் கணக்கில் சேர்க்கப்பட்டது; சான்று இணைக்கப்பட்டுள்ளது. கடைசியில் ஒரு வரி: மேக்ஸ் முஸ்டர்மான் பெயரில் பணம் வருவது எங்களுக்குப் புதிதல்ல. உலகமெங்கும் கம்ப்யூட்டர் மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதை வீட்டில் யாரிடமும் பகிர்ந்துகொள்ளவில்லை.

தமிழரசி போனாள், படித்தாள், அங்கேயே வேலையும் கல்யாணமும் ஆயிற்று. அங்கிருந்து பேசும்போதெல்லாம் என்னை 'மேக்ஸ் மாமா' என்றே கூப்பிட்டதால், அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை என்னை மேக்ஸ் பெரியப்பா என்கிறது. எனக்கு வேறு பெயர் உண்டு என்பதே அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

போன வருடம் அந்தக் குழந்தைக்குத் திண்டிவனத்தில் காதணி விழா. பத்திரிகை அடிக்கிற வேலையை மாமனாரே பார்த்துக்கொண்டார். அத்தனை வருடங்களில் அவர் ஒரு தடவைகூட அந்த விஷயத்தை என்னிடம் பேசியதில்லை. பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். வரவேற்பாளர் வரிசையில் முதல் பெயர்: முருகவேல் (எ) மேக்ஸ்.

"இன்னா மாமா இது?"

"கொழந்த வந்து மேக்ஸ் பெரியப்பா எங்கன்னு தேடும் இல்ல? அதான்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

விழாவுக்கு விழுப்புரத்திலிருந்து என் பக்கத்து உறவினர்களும் வந்திருந்தார்கள். மண்டப வாசலில் அதே பெயர் பேனரிலும் இருந்தது. வளவனூர்ப் பெரியம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கிற அளவுக்குக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, முருகவேலு வேதத்துல சேந்துட்டானா? சர்ச்சுக்குப் போறானா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அம்மா என்னைப் பார்த்தாள். பேனரைப் பார்த்தாள். எட்டு லட்சத்தையும், பிரியாணியையும், வங்கியையும் முதலிலிருந்து சொல்வதா என்று கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "ரெண்டு வருசம் ஆச்சி."