மீன்கள் படித்த வாசகம்

“...தண்ணிக்கு மேலதான் எழுதணும்னு தாளுல ஒரு வரி போட்டிருந்தா நான் ஏன் சார் அடியில எழுதப் போறேன்?”

நெருக்கடி நிலைக் காலத்தில் ஓர் அரசாங்க அதிகாரியைப் பார்த்து இப்படிக் கேட்டவர் எங்கள் வியட்நாம் அண்ணாச்சி. தூத்துக்குடியிலிருந்து அமெரிக்கா மீது தனியாகப் போர் தொடுத்த ஒரே மனிதர் அவர். ஆயுதம், மக்ரூன்.

அப்போது நான் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் குமாஸ்தா. படகுத்துறையை ஒட்டித்தான் ஆபீஸ். கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அண்ணாச்சி தன் வள்ளத்தில் போய் வாழைப்பழம், எலுமிச்சை, முந்திரியில் செய்த எங்கள் ஊர் மக்ரூன் எல்லாம் விற்பார். மாலுமிகள் கயிற்றில் கூடையை இறக்குவார்கள். சரக்கு ஏறும், காசு இறங்கும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பு.

அதில் வியட்நாம் வந்து புகுந்தது டிரான்சிஸ்டர் வழியாக. பாய்மரத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, கேட்டுக்கொண்டே துடுப்புப் போடுவார். “நம்மள மாதிரி மீனும் சோறும் திங்கிற சனம்லே அது. அவுக வீட்டுக்குள்ள போயி இவனுக எதுக்குத் துப்பாக்கியோட உக்காந்திருக்கானுவ?” என்பார். அந்தப் போர் முடியும்வரை அமெரிக்கக் கப்பலுக்கு மக்ரூன் கிடையாது என்று முடிவாகிவிட்டது.

விற்காமல் இருப்பதென்றால் கரையிலேயே இருந்துவிடலாம். அண்ணாச்சி இருக்க மாட்டார். அந்தக் கப்பலுக்கும் போவார். கூடை இறங்கும். மக்ரூன் பொட்டலத்தைத் தலைக்கு மேலே உயர்த்தி, நன்றாகக் காட்டி, மாலுமி நாக்கைச் சப்புக்கொட்டும் நேரம் பார்த்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

“போகாமலே இருக்கலாமே அண்ணாச்சி?”

“போகலைன்னா தனக்கு என்ன கெடைக்கலைன்னு அவனுக்கு எப்படிலே தெரியும்?”

ஒரு தடவை கோடு போட்ட கொடியோடு ஒரு கப்பல். அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் செலவழித்து, “வியட்நாம், யூ கோ! யூ கோ!” என்று தொண்டை கட்டக் கத்தினார். மேலே நின்ற கிரேக்க மாலுமிகள் வழி கேட்கிறார் போலிருக்கிறது என்று கிழக்கே கையைக் காட்டினார்கள். கரைக்கு வந்ததும் நான் சொன்னேன்:

“அது லைபீரியாக் கொடி அண்ணாச்சி. அதுல நட்சத்திரம் ஒண்ணே ஒண்ணுதான்.”

“மத்ததெல்லாம் துவைக்கையில உதிர்ந்துருக்கும்னுல்லா நெனச்சேன்!”

மறுநாள் லைபீரியா தேசத்திடம் மன்னிப்புக் கேட்கப் பொட்டலங்களோடு போனார். கப்பலின் பதிவு மட்டும்தான் அந்த நாட்டில்; லைபீரியாக்காரர் ஒருவர்கூட அதில் இல்லை. லைபீரியா சார்பில் கிரேக்கர்கள் தின்று தீர்த்தார்கள்.

எழுபத்தைந்தில் போர் முடிந்தது. தடையை நீக்கிவிட்டு விற்கலாம் என்று கிளம்பினால், துறைமுகத்தில் ஓர் அமெரிக்கக் கப்பல்கூட இல்லை. சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போனார்.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நம் நாட்டில் நெருக்கடி நிலை. பத்திரிகைகளுக்குப் பூட்டு, பேசியவர்களுக்குச் சிறை. டீக்கடையில் பஞ்சாயத்து பேசுகிறவர்கள்கூட வடையைப் பற்றி மட்டும் பேசினார்கள். அண்ணாச்சியின் மனைவி சூசம்மா அக்கா ஒருநாள் கேட்டாள்: “ஊரான் வீட்டுக்குள்ள பூந்தவனை வெரட்டினீரு. இப்ப நம்ம வீட்டுலயே வாயைப் பொத்துதாவ. மக்ரூனை யாருகிட்டக் கொண்டுபோயி ஆட்டப் போறீரு?”

“சும்மா கெடளா” என்றார். ஆனால் டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டார்.

பிறகுதான் அந்த உத்தரவு. எல்லா வள்ளத்திலும் ‘நாடு முன்னேறுகிறது’ என்று பெயிண்டில் எழுத வேண்டும். எழுதாத வள்ளத்துக்குத் துறைமுக பாஸ் கிடையாது. பாஸ் இல்லையென்றால் அடுப்பு எரியாது. மற்றவர்கள் பக்கப் பலகையில் எழுதினார்கள். அண்ணாச்சி வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு, தார் பூசிய அடிப்பலகையில் வெள்ளைப் பெயிண்டால் அழகாக எழுதி, நிமிர்த்தித் தண்ணீரில் இறக்கிவிட்டார்.

அதிகாரி சோதனைக்கு வந்தார். “எங்கய்யா வாசகம்?”

“அடியில சார்.” தொடர்ந்து, முதலில் நான் சொன்ன அந்தக் கேள்வி.

“அடியில எழுதினா யாருய்யா படிப்பா?”

“மீனு படிக்கும் சார். படிச்சிட்டு வெளிய யாருகிட்டயும் மூச்சு விடாது. இப்ப அதுதான சட்டம்?”

படகுத்துறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி, “நாளைக்கு ஆபீசுக்கு வாரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போனவர்கள் திரும்பாத காலம். மறுநாள் சூசம்மா அக்கா ஒரு பையில் வேட்டி, துண்டு, ஜெபமாலை எல்லாம் வைத்துக்கொண்டு கூடவே போனாள். வெளியே வேப்பமரத்தடியில் நாங்கள் நின்றோம். உள்ளே போனவர் கையில் பாஸோடு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன சொன்னாரு அண்ணாச்சி?”

“ ‘வாசகம் இருக்கு’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாருலே. எங்கன இருக்குன்னு எழுதல. ‘வள்ளத்தை அடிக்கடி கரையில கவுக்காதீரும்’னாரு.”

அக்கா பையை அவர் தோளில் மாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

எழுபத்தேழில் தேர்தல். எங்கள் பக்கம் ஓட்டு பழைய ஆட்சிக்கே விழுந்தது. ஆனாலும் தில்லியில் ஆட்சி மாறிவிட்டது. பாய்மரத்தில் மறுபடி டிரான்சிஸ்டர் பாடியது. அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்தார். முன்னேற்றம் முழுவதும் சிப்பி மூடிக் கிடந்தது. அவர் சுரண்ட ஆரம்பித்தார். ஒருவன் பெயிண்ட் டப்பாவோடு ஓடி வந்தான்.

“அண்ணாச்சி, புது ஆட்சிக்கு ஒரு வாழ்த்து எழுதுவோமா?”

“ஏலே, வந்தது சந்தோசந்தான். அதை வாயால சொல்லுதேன். வள்ளத்தை விட்டுருங்க, அது சும்மா ஓடட்டும்.”

அப்போது அந்த அதிகாரி வந்தார். மாற்றலாகிப் போகிறாராம். கிட்டே வரத் தயங்கித் தூரத்திலேயே நின்றார். எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் சுரண்டியைக் கீழே போட்டார். கூடையிலிருந்து மக்ரூன் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்தி, நன்றாகக் காட்டினார்.

அடுத்து அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம்.

அண்ணாச்சி மணலில் நடந்து போய், அதிகாரியின் கையை விரித்து, பொட்டலத்தை அதில் வைத்து மூடினார்.