வில்லங்கம் இல்லாத வளை

ஒரு காட்டில், பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடையாய் ஐந்தே நிமிடத்தில், ஒரு முயல் வளை விற்பனைக்கு வந்தது. தரகர் ஓணான் மரத்துக்கு மரம் விளம்பரம் ஒட்டினார்: 'அழகிய குடும்ப இல்லம். கிழக்குப் பார்த்த வாசல். வற்றாத நீர்வசதி.' மழை பெய்தால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தரகர் பொய் சொல்லவில்லை பாருங்கள்.

விற்கத் துடித்தவள், பாட்டன் சொத்தான அந்த வளையில் குடியிருந்த குடும்பத்தின் மூத்த மகள் மருதாயி. போன ஐப்பசி மழையில் இரண்டு குட்டிகளைத் தண்ணீருக்குப் பறிகொடுத்தவள். இப்போது மறுபடி நிறைமாசம். மழைக்கு முன்னால் மேட்டுப்பக்கம் போய்விட வேண்டும் என்று தவியாய்த் தவித்தாள்.

வாங்க வந்தது ஒரே ஆள். குள்ளநரியார். மருதாயி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். நரியாரோ கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

"பேரமே கிடையாதும்மா. நீங்க சொன்ன விலைதான். ஒரே கண்டிஷன். வாரிசுங்க நாப்பத்திமூணு பேரும் ஒரே நாள்ல இந்த வளைக்குள்ள உக்காந்து கையெழுத்துப் போடணும். ஒருத்தர் விட்டுப்போனாலும் பின்னாடி வில்லங்கம்."

"நியாயம்தானே," என்று ஓணான் தலையாட்டினார். அவர் எதற்கும் ஆட்டுவார். பிறவியே அப்படி.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு மருதாயி காடெல்லாம் அலைந்தாள். அவளையும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர் தேறினார்கள். மிச்சம் கொம்பையா சித்தப்பா. பேருக்கேற்ற மாதிரி அவர் கையெழுத்து முயற்கொம்பாகவே இருந்தது.

"உன் கல்யாணப் பத்திரிகையில என் பேர் எங்க இருந்துச்சு?" என்றார்.

"தாய்மாமன் பேருக்குக் கீழ இருந்துச்சே சித்தப்பா."

"கீழ! அதுவும் எறும்பு சைஸ்ல. இப்ப கையெழுத்துக்கு மட்டும் சித்தப்பா வேணுமாக்கும்?"

காலில் விழுந்து அழுதாள். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து அருகம்புல்லை மென்றார். இப்படியும் ஒரு மனுஷனா என்று சபித்துக்கொண்டே திரும்பினாள். முயல்தான், ஆனாலும் கோபத்தில் அப்படித்தான் வந்தது.

குறித்த நாளில் நாற்பத்திரண்டு பேரும் வளைக்குள் போனார்கள். நரியார் ஒற்றை வாசலை அடைத்து உட்கார்ந்து தலை எண்ணினார். கடைவாயில் எச்சில் ஒழுகியது.

"ஒண்ணு குறையுதே?"

"சித்தப்பாங்க. பத்திரிகையில பேரைச் சின்னதாப் போட்டுட்டோம்னு மூணு வருஷமாக் கோவம். வரமாட்டேன்னுட்டார். எங்க கையெழுத்து போதாதுங்களா?"

நரியார் பல்லை நறநறவென்று கடித்தார். ஆத்திரத்தில் உண்மையே வாயில் வந்துவிட்டது.

"எப்படிம்மா போதும்? உங்களையெல்லாம் நான் முழுங்கிட்டா, அந்த ஆளு ஒருத்தன்தானே ஏகவாரிசு! எழுத்து சின்னதாப் போச்சுன்னு மூணு வருஷம் முறைச்சுக்கிட்டு இருக்கறவன். அவன் கேஸ் போட்டா, காலம் பூரா நான் கோர்ட்டுக்கு அலையறதா?"

பத்திரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போயே போய்விட்டார். ஓணான் அதற்கும் தலையாட்டினார்.

மழை கொட்டியது. நாற்பத்திரண்டு பேரும் மேட்டிலிருந்த சித்தப்பா வளை வாசலில் போய் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர் வாசலை விட்டு ஒதுங்கினார். அங்கேதான் மருதாயிக்கு நான்கு குட்டிகள் பிறந்தன. நான்கும் காய்ந்த தரையில் தூங்குவதைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெயர்சூட்டு விழாவுக்குப் பத்திரிகை அடிக்கப் போனாள். "சித்தப்பா பேரை எங்கம்மா போட? மேலயா, கீழயா?" என்று அச்சாபீஸ் கரிச்சான் கேட்டது.

"போடவே வேணாம்," என்றாள் மருதாயி.

நீதி: குடும்பம் தழைக்க வேண்டுமானால், பத்திரிகையில் ஒரு சித்தப்பாவின் பெயரையாவது மறக்காமல் விட்டுவிடவும்.