பஞ்சுப் பாக்கெட்டுக்கு ஒரு முகம்

நல்ல டிசைன் வாயைத் திறக்காமல் பேச வேண்டும் என்பது ஐயாதுரையின் கொள்கை. அதை எடுத்துச் சொல்ல மட்டும் அவர் மணிக்கணக்கில் வாயைத் திறப்பார்.

ராஜபாளையத்தில் தீப்பெட்டியோ ஊறுகாயோ அப்பளமோ, லேபிள் வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். கை சும்மா இருந்தால் வீட்டுச் சாமான்களில் கை வைப்பார். ஒருமுறை எண்ணே இல்லாத கடிகாரம் செய்து மாட்டினார். "எண் எதுக்கு? முள்ளு சாயுற சாய்வே நேரத்தைச் சொல்லும்" என்றார். அன்றையிலிருந்து அவர் மனைவி கிருபாபாய் மணி பார்க்க அடுத்த வீட்டுக்குப் போய்வந்தாள். பிறகு இரண்டு மூக்கு வைத்த கூஜா. ஊற்றினால் பாதி டம்ளரிலும் பாதி மடியிலும் விழுந்தது. "ஐடியா நல்ல ஐடியாதான். தண்ணிக்குத்தான் புத்தி பத்தல" என்றார் ஐயாதுரை.

கிருபாபாய் வாதாட மாட்டாள். பேசாமல் தூக்கிப் பரணில் வைத்துவிடுவாள். அந்தப் பேசாமைக்குத்தான் ஐயாதுரை பயப்படுவார். கத்துகிற பெண்டாட்டியைச் சமாளித்துவிடலாமய்யா. சும்மா பார்க்கிற பெண்டாட்டியை என்ன செய்ய?

எண்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாசம். பஞ்சு மில் முதலாளி காளிராஜ் கூப்பிட்டு அனுப்பினார். பச்சப்பிள்ளைகளுக்கென்று புதுசாக ஒரு பஞ்சு பாக்கெட் போடப்போகிறாராம். பேர், பட்டுக்குட்டி.

"ஒரு தாய் முகம் வேணும் ஐயாதுரை. பாத்ததும் பொம்பளையாளுக கை தானா பாக்கெட்டை எடுக்கணும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சிவகாசியிலருந்து பிரஸ்காரர் வாராரு. படம் என் மேசையில இருக்கணும்."

புதன்கிழமை சாயங்காலம் முகம் முடிந்தது. கடைசியாகக் கண்ணுக்கு மணி வைத்தார். வைத்ததும் படம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஐயாதுரைக்குப் பகீரென்றது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் ஞானபாக்கியம்.

ஞானபாக்கியம் தையல் டீச்சர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் பெண் பார்க்கப் போன வீடு அது. கேசரி தின்று முடித்த கையோடு அவள் அப்பா, "படம் போடுதாரு, சரி. வேலை என்ன பாக்காரு?" என்று கேட்டார். சம்பந்தம் அதோடு முடிந்தது. இதில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் அதற்குப் பொறவுதான் நடந்தது. கல்யாணமான புதிதில் கிருபாபாய், "எனக்கு முன்னாடி யாரையும் பாக்கப் போனீங்களா?" என்று கேட்டாள். வேதாகமத்தின் மேல் கை வைக்காத குறையாக, "நான் பாத்த முதல் பொண்ணே நீதான்" என்று சொல்லிவிட்டார் மனுஷன். எட்டு வருஷமாகக் குடும்பம் அந்தப் பொய்யின் மேல்தான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது.

முகத்தை அழித்துவிடலாம் என்று பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கினார். அதற்குள் கிருபாபாய் காப்பியோடு வந்து நின்றுவிட்டாள். படத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தாள்.

"இந்த மூஞ்சியை எங்கயோ பாத்திருக்கேன்."

ஐயாதுரை அவசரமாக டம்ளரை வாங்கிக்கொண்டார். "எ... எங்க?"

"அதான் யோசிக்கேன்."

"கோயில் அசனத்துல பாத்திருப்ப. பந்தியில ஆயிரம் பேரு உக்காருதாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்துகூட வாராங்க." சொல்லி முடித்த பிறகுதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது தெரிந்தது.

கிருபாபாய் படத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "ஏன் இப்பிடி வேர்க்கு?"

"வெயிலு."

"வெளிய மழை தூறுது."

அவர் காப்பியை மடக்கென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அவள் காலி டம்ளரை வாங்கினாள். பிறகு மெதுவாக, "மூக்கு கொஞ்சம் பெருசா இருந்தா நல்லாருக்கும்லா?" என்றாள்.

மில் முதலாளி சொல்லியே ஒரு கோட்டை மாற்றாதவர் ஐயாதுரை. 'லேபிள்ல கை வைக்கணும்னா என் கையை வெட்டிட்டு வையுங்க' என்று ஊறுகாய்க்காரரை விரட்டியவர். அவர் சொன்னார்: "மாத்திருதேன்."

ஞானபாக்கியத்தின் மூக்கு ஒழிந்தால் சரி என்று இருந்தது அவருக்கு. ஆனால் மூக்கோடு நிற்கவில்லை. வியாழக்கிழமை காலையில் இட்லி வைக்கும்போது, "நாடி ஒட்டிப்போயிருக்கு. தாய்னா ரெட்டை நாடி இருக்கணும்" என்றாள். வைத்தார். துணி காயப் போட்டுவிட்டு வந்து, "நெத்தி அகலமா வரட்டும்" என்றாள். வந்தது. பிறகு புருவம் நெருங்கியது, கொண்டை உச்சிக்கு ஏறியது. அந்த மனுஷன் தலை நிமிரவே இல்லை. மத்தியானம் சோற்றைப் பிசையும்போது அவள், "சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போயி பால்கோவா வாங்கிட்டு வரணும்" என்றாள்.

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. "இப்போ எதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்?"

"ஏன், அந்த ஊர்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. இனிப்பு உடம்புக்கு ஆகாது."

"யாரு உடம்புக்கு?"

ஐயாதுரை குனிந்து சோற்றைப் பிசைந்தார். கேட்டுவிட்டாவது போகலாம், திட்டிவிட்டாவது போகலாம். இப்படி ரசம் ஊற்றி ஊற்றிக் கொல்கிறாளே என்று உள்ளுக்குள் புலம்பினார். அழாத குறைதான்.

சாயங்காலம் கடைசியாக வந்து நின்றாள். "ஒரு கண்ணாடி போட்டு விடுங்க. படிச்சவ மாதிரி இருக்கும்."

"ஏட்டி, பச்சப்பிள்ள பஞ்சுக்குக் கண்ணாடி எதுக்கு?"

"வேண்டாமா? அப்போ பழைய மூஞ்சியே இருக்கட்டும். எங்க பாத்தேன்னு இப்பத்தான் லேசா ஞாபகம் வருது."

கண்ணாடி போட்டார். தடிச்ச பிரேமே போட்டார்.

எந்தப் படத்தையும் பத்தடி தள்ளி நின்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்பது ஐயாதுரையின் இன்னொரு கொள்கை. அந்த வீட்டில் பத்தடி தள்ளினால் அடுப்படி. அடுப்படியில் கிருபாபாய். அதனால் பார்க்காமலே சுருட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை மில்லுக்கு ஓடினார்.

காளிராஜ் படத்தை வாங்கி எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்தார். பத்தடி தாராளமாக இருந்தது. ஐயாதுரை முதல் தடவையாக அந்த முகத்தை முழுசாகப் பார்த்தார்.

பெரிய மூக்கு. ரெட்டை நாடி. உச்சிக்கொண்டை. தடிச்ச கண்ணாடி வழியாக அவரை அளவெடுக்கிற பார்வை. சோழபுரத்து ரிட்டையர்டு டீச்சர் ஜெயபாய். அவருடைய மாமியார்.

"மொதலாளி, இது வேண்டாம். ரெண்டு நாள் குடுங்க" என்று ஐயாதுரை எழுந்தேவிட்டார்.

"உக்காருங்கய்யா. இந்தம்மா முறைக்கிற முறைப்புக்குப் பஞ்சுல தூசி வந்து உக்காருமா? இதுதான்யா முகம்" என்றார் காளிராஜ். பிரஸ்காரர் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முதல் தவணை ஐம்பதாயிரம் பாக்கெட்.

வீட்டுக்கு வந்தபோது கிருபாபாய் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாவை வரைய வச்சிட்டியே கிருபா."

"நல்லா வந்திருக்காளா?"

"ஊர் மருந்துக்கடை பூரா உங்கம்மா உக்காந்து என்னை முறைக்கப் போறா."

"ஆறு வருஷமா அவ ஒரு படம் போட்டுத் தாங்கன்னு கேட்டா. டிசைனர் ஆளைப் பாத்து வரைய மாட்டான்னீங்க. இப்போ எம்புட்டு அழகா பாக்காமலே வரைஞ்சிருக்கீங்க."

ஐயாதுரைக்கு ரெண்டு நாள் பயமும் ஒன்றாகத் திரண்டு கோபமாக வந்தது.

"அதை நேராக் கேட்டிருக்கணும். ஞானபாக்கியத்தைத் தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி என்னை ரெண்டு நாளா வதைச்சிருக்கியே, நியாயமா? ஒரு பொண்ணைப் பாக்கப் போனது கொலைக்குத்தமா? கேசரி தின்னதோட சரி. ஒரு வார்த்தை பேசினது கிடையாது."

எண்ணெயில் அப்பளம் கருகியது. கிருபாபாய் அதை எடுக்கவில்லை.

"நீங்க போடுற பொம்பள எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான். தீப்பெட்டியில இருக்கவதான் ஊறுகாய் பாட்டில்லயும் இருக்கா, அப்பளக் கட்டுலயும் இருக்கா. அதான் எங்கயோ பாத்திருக்கேன்னு சொன்னேன். நீங்க வேர்த்து நின்னீங்க. சரி, என்னமோ இருக்கு, இந்தச் சாக்குல அம்மா படத்தையாச்சும் வாங்கிருவோம்னு நினைச்சேன்."

"அப்போ... உனக்கு ஞானபாக்கியத்தைத் தெரியாதா?"

"நீங்க சொல்லித்தான் தெரியுது."

அவள் அடுப்பை அணைத்தாள். அலமாரியிலிருந்து ஊறுகாய் பாட்டிலையும் அப்பளக் கட்டையும் எடுத்து அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். ஒரே கண், ஒரே நாடி, ஒரே சிரிப்பு. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எட்டு வருஷம். உக்காருங்க. முதல் லேபிள்லருந்து சொல்லுங்க."